சும்மா இருக்க விடாத வீடு

"நீங்க சும்மா இரிங்க உம்மா, நாங்க பாத்துக்கிறம்." மதுரங்குளியில் வயதான தாயின் கையிலிருந்து விளக்குமாற்றையோ தண்ணீர் வாளியையோ வாங்கிக்கொள்ளும்போது பிள்ளைகள் சொல்லும் வார்த்தை இது. தெற்கே உடப்புக்குப் போனால் 'உம்மா' 'அம்மா'வாக மாறும். மற்றபடி பேச்சு அதேதான். இதில் பாசத்துக்குக் குறைவில்லை. ஆனால் எழுபது வயது உடம்புக்கு இந்தப் பாசம் என்ன செய்கிறது என்று யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. தாயின் கையிலிருந்து வேலையை வாங்கிக்கொண்ட அதே வீட்டில் குளியலறைத் தரை மினுங்கும் டைல்ஸாகவே கிடக்கிறது. பின்வாசல் படி ஒரு சாணுக்கு மேல் உயரமாக, பிடிக்க எதுவும் இல்லாமல் நிற்கிறது. இரவில் கக்கூஸுக்குப் போகும் வழியில் வெளிச்சம் இல்லை. முதியவருக்கு நன்மை தருகிற வேலையைப் பறித்துவிட்டு, அவரை விழுத்தக்கூடிய இடங்களை அப்படியே விட்டுவைக்கிறோம். செய்யவேண்டியது இதற்கு நேர்மாறு. ஆபத்தை எடுத்துவிட வேண்டும். வேலையை விட்டுவைக்க வேண்டும். முதியவருக்கு ஏற்ற வீடு என்பதற்கு இதைவிடச் சுருக்கமான இலக்கணம் இல்லை.

புத்தளத்துக்கும் சிலாபத்துக்கும் இடையே, கொழும்பு–புத்தளம் வீதியும் ரயில் பாதையும் தொட்டுச் செல்லும் ஊர் மதுரங்குளி. தென்னந்தோட்டமும் மணல் நிலமும் களப்பும் சூழ்ந்த இந்தப் பக்கத்தில் மூன்று வகை வீடுகளைப் பார்க்கலாம். கிடுகு வேலியும் விறாந்தையும் கிணற்றடியும் கொண்ட பழைய வீடுகள் முதல் வகை. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வட மாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் புத்தளம் மாவட்டத்து முகாம்களில் ஆண்டுக்கணக்கில் தங்கி, பிறகு துண்டு நிலம் தேடிக் கட்டிய வீடுகள் இரண்டாவது வகை. உலக வங்கியின் நிதியில் 2007இல் தொடங்கிய புத்தளம் வீடமைப்புத் திட்டம் இப்படிப்பட்ட குடும்பங்களுக்காக வந்ததுதான். வளைகுடா நாடுகளில் உழைத்த காசில் எழுந்த, மதில் சூழ்ந்த டைல்ஸ் வீடுகள் மூன்றாவது வகை. இவற்றையெல்லாம் கட்டியபோது கட்டியவர்கள் இளையவர்களாக இருந்தார்கள். 1990இல் நாற்பது வயதில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தவர் இன்று எழுபத்தைந்தைத் தாண்டியவர். இலங்கை முழுவதையும் எடுத்தால், 2012 குடிசன மதிப்பீட்டிலேயே அறுபதும் அதற்கு மேலும் வயதானவர்கள் 12.4 சதவீதம், அந்தப் பங்கு அதற்குப் பின் ஏறிக்கொண்டே வருகிறது. ஆட்களுக்கு வயதாகிவிட்டது. வீடு மட்டும் அவர்களுடைய நாற்பது வயதுக் கால்களை நம்பியே இன்னும் நிற்கிறது.

சும்மா இருப்பதால் உடம்புக்கு வரும் நட்டம் எவ்வளவு என்பதை அளந்து பார்த்திருக்கிறார்கள். 2007இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், சராசரியாக 67 வயதான, நோயில்லாத 12 பேரை 10 நாள் கட்டிலிலேயே இருக்கச் செய்தார்கள். அந்தப் பத்து நாளில் கால்களில் மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோ தசை கரைந்துபோனது. வீட்டில் சும்மா இருப்பவர் கட்டிலிலேயே கிடப்பதில்லை என்பது உண்மை. அவருக்கு இழப்பு மெதுவாக வரும். ஆனால் கரைவது அதே தசைதான். கதிரையிலிருந்து எழும்புவதும், படியேறுவதும், கக்கூஸில் குந்தி எழுவதும், தடுக்கும்போது சட்டென ஒரு காலை முன்னே வைத்துச் சமாளிப்பதும் தொடைத் தசையின் வேலை. வேலை போனால் தசை போகும். தசை போனால் எழும்ப ஆள் வேண்டும். எழுப்ப ஆள் வந்தபின் எழும்பவேண்டிய தேவையும் குறையும். பாசத்தில் தொடங்கிய 'சும்மா இரிங்க' சில வருடங்களில் 'எழும்ப ஏலாது' என்று முடிவது இப்படித்தான்.

மதுரங்குளி வீடுகளில் ஏற்கெனவே உள்ள ஒரு பழக்கம் இதை நன்றாக விளக்கும். ஐவேளைக் கடமையான தொழுகை நாளுக்கு 17 ரக்அத். ஒவ்வொரு வேளையின் கடைசி ரக்அத்தும் உட்கார்ந்த நிலையில் முடிவதால் அந்த ஐந்தையும் கழித்துப் பார்த்தால், சுன்னத்தை விட்டுக் கடமையானதை மட்டும் தொழுகிறவரும் ஒரு நாளில் 12 தடவை தரையிலிருந்து எழுந்து நேராக நிற்கவேண்டும். பிரேசில் ஆய்வாளர்கள் 51 முதல் 80 வயதுவரையான 2,002 பேரைத் தரையில் உட்கார்ந்து எழச் சொல்லிப் பார்த்து, 2012இல் முடிவை வெளியிட்டார்கள். கையூன்றாமல், தடுமாறாமல் உட்கார்ந்து எழ முடிந்தவர்களைவிட, முடியாதவர்களிடையே அடுத்த சில வருடங்களில் இறந்தவர்கள் அதிகம். எழும்புவதே ஆயுளைக் கூட்டுகிறது என்று இதற்குப் பொருளில்லை. உடம்பு எந்த நிலையில் இருக்கிறது என்பதற்கு அது ஓர் அளவுகோல். அந்த அளவுகோல் நம் பாயிலும் தொழுகை விரிப்பான முசல்லாவிலும் கிடக்கிறது. முழங்கால் லேசாக வலித்ததும் ஒரு கதிரையைக் கொண்டுவந்து போட்டால், அந்தப் பன்னிரண்டு எழும்பல்களும் ஒரே நாளில் இல்லாமல் போகும். முடியாதவருக்குக் கதிரையில் தொழ மார்க்கம் இடம் கொடுத்திருக்கிறது. மருத்துவர் குனியவோ குந்தவோ வேண்டாம் என்றால் அதற்கு மேல் பேச்சில்லை. முடியும், ஆனால் சிரமம் என்ற நிலையில் இருப்பவருக்கு வேண்டியது வேறு. முசல்லாவுக்குப் பக்கத்தில் கையூன்றி எழ, ஆடாத கனமான ஒரு சிறு வாங்கு போட்டால் போதும். பெண்கள் பெரும்பாலும் வீட்டிலேயே தொழுகிறார்கள் என்பதால், இந்த வாங்கு பள்ளிவாசலைவிட வீட்டுக்குத்தான் அதிகம் தேவை.

கதிரைக்கும் வாங்குக்கும் உள்ள இந்த வித்தியாசத்தைத்தான் அமெரிக்க உளவியலாளர்கள் பவெல் லோட்டனும் லூசில் நஹெமோவும் 1973இல் ஒரு கொள்கையாக எழுதினார்கள். ஒருவரைச் சுற்றியுள்ள இடம் அவரிடம் ஓரளவு உழைப்பைக் கேட்கிறது. அந்தக் கேள்வி அவருடைய வலுவை மீறினால் அவர் தோற்றுப்போகிறார். மிகவும் குறைந்துபோனால் இருக்கிற வலுவும் மங்கிப்போகிறது. வலுவுக்குச் சற்றே மேலாகக் கேட்கும் இடத்தில்தான் ஆள் தெம்பாக இருக்கிறார். இதைத் தலைகால் தெரியாமல் நீட்டினால் எங்கே போய் நிற்கும் என்பதற்கும் உதாரணம் உண்டு. டோக்கியோவை அடுத்த மிட்டாகாவில் 2005இல் அரகாவா, மேடலின் ஜின்ஸ் என்ற கலைஞர்கள், உடம்பு சோம்பிவிடக்கூடாது என்றே மேடும் பள்ளமுமான தரையுடன் வீடுகளைக் கட்டினார்கள். கலையாக அதைப் பார்க்கலாம். முழங்கால் தேய்ந்தவரை அங்கே குடிவைக்க முடியாது. உழைப்பை வேலை கேட்க வேண்டும்; தரை கேட்கக்கூடாது.

அப்படியானால் தரையும் படியும் எப்படி இருக்கவேண்டும்? உலகில் வருடத்துக்கு ஏறத்தாழ 6,84,000 பேர் விழுந்து இறக்கிறார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு; அவர்களில் மிகப் பெரும் பங்கினர் அறுபதைக் கடந்தவர்கள். இதை வீட்டுத் திருத்தத்தால் குறைக்க முடியுமா என்று நியூசிலாந்தின் தாரனாக்கி பகுதியில் 842 வீடுகளில் சோதித்து 2015இல் முடிவைச் சொன்னார்கள். செய்தது பெரிய கட்டட வேலை எதுவும் இல்லை. படிக்குக் கைபிடி, குளியலறையில் பிடிகம்பி, வெளியே விளக்கு, வெளிப்படியின் விளிம்பு தெரியும்படி ஒரு பட்டி, வழுக்காத தரைப்பூச்சு. இவற்றைப் பொருத்திய வீடுகளில் விழுந்து காயப்படுவது 26 சதவீதம் குறைந்தது. அங்கேயுள்ள வீடு வேறு, இங்கேயுள்ள வீடு வேறு என்பது நியாயமான பேச்சு. அந்த 26ஐ அப்படியே தூக்கிவந்து மதுரங்குளியில் வைக்க முடியாது. ஆனால் ஈரக் கால் வழுக்கும் விதி எல்லா ஊருக்கும் ஒன்று. அதோடு, அங்கே இல்லாத சில ஆபத்துகளும் நம்மிடம் உண்டு.

முதலாவது கிணற்றடி. மணல் பூமியில் கிணறு ஆழமில்லை. குளிப்பும் துவைப்பும் அங்கேயே நடக்கும். பாசி படிந்த சீமெந்துத் தரையில், குனிந்து வாளியை இழுக்கும் உடம்பு சமநிலை தவறும். தரையைக் கரகரப்பாக, தண்ணீர் தேங்காதபடி சற்றுச் சாய்வாகப் பூசுவது ஒரு மேசன் பாஸுக்கு அரை நாள் வேலை. கிணற்றுக் கட்டு இடுப்பளவு உயர வேண்டும்; கப்பி இருக்க வேண்டும்; பெரிய வாளிக்குப் பதில் பாதித் தண்ணீர் கொள்ளும் சின்ன வாளி இருக்க வேண்டும். மோட்டர் வந்த வீடுகளிலும் பூமரத்துக்கு ஊற்ற ஒரு வாளி தண்ணீர் அள்ளும் வேலையை முதியவரிடமே விடலாம். இரண்டாவது, தொழுகைக்கு முன் கைகால் கழுவும் வுழூ. ஐந்து வேளையும் இரண்டு காலையும் கழுவ, நாளுக்குப் பத்துத் தடவை ஈரத்தரையில் ஒற்றைக் காலில் நிற்கிறோம். வோஷ் பேசினில் காலைத் தூக்கி வைக்கும் பழக்கம் அதை இன்னும் மோசமாக்குகிறது. பள்ளிவாசலின் நீர்த்தொட்டியான ஹவுழைக் கட்டியவர்களுக்கு இது தெரிந்திருந்தது. அதனால்தான் அங்கே உட்கார்ந்து கழுவத் திட்டுகள் இருக்கின்றன. அந்தத் திட்டு வீட்டுக்கு வராமல் போனது நம் மறதி. தாழ்ந்த ஒரு பைப், அதன் எதிரே முழங்கால் உயரத்தில் ஒரு சீமெந்துத் திட்டு, பக்கத்துச் சுவரில் ஒரு கம்பி: இவ்வளவுதான்.

மூன்றாவது, கக்கூஸுக்குப் போகும் பாதை. கிணற்றுத் தண்ணீர் கெடக்கூடாது என்று பழைய வீடுகளில் மலசலகூடத்தை வளவின் மறுமூலையில் கட்டினார்கள். காரணம் சரி. ஆனால் இரவு இரண்டு மணிக்கு மணலிலும் தென்னை வேரிலும் விழுந்த மட்டையிலும் தட்டுத்தடுமாறிப் போகிறவர் எழுபது வயதுக்காரர். வயதானவரின் கண்மணி சிறுத்து, வில்லை மஞ்சளித்து, அறுபது வயதில் விழித்திரைக்குப் போய்ச்சேரும் வெளிச்சம் இருபது வயதில் போனதில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்துவிடுகிறது. பிள்ளைக்கு நிலவொளியாகத் தெரிவது தாய்க்கு இருட்டு. பின்வாசலிலிருந்து மூன்றடி அகலத்தில் சீமெந்து நடைபாதை, கட்டிலிலிருந்தே எட்டும் சுவிட்ச், பாதையோரம் இடுப்பளவில் ஒரு ஜீஐ பைப். இவை இருந்தால் சட்டி வைத்து ஒருவர் காவலிருக்கவேண்டிய தேவை பல வருடம் தள்ளிப்போகும். குந்தும் கக்கூஸை இடித்துவிட்டுக் கொமட் போடுவதற்கு அவசரம் வேண்டாம். குந்தி எழுவது முழங்காலுக்கும் இடுப்புக்கும் பயிற்சி. எதிரே பிடித்தெழ ஒரு கம்பி இருந்தால் பலரால் இன்னும் சில வருடம் குந்த முடியும். முழங்கால் கைவிட்டால் கொமட் போட்டே ஆகவேண்டும். அதற்கான இடத்தையும் பைப்பையும் வீடு கட்டும்போதே ஒதுக்கி வைப்பது புத்தி. பிடிகம்பி என்று துவாய்த் தொங்கலைப் போட்டு ஏமாறக்கூடாது. ஓர் ஆளின் முழுப் பாரத்தையும் தாங்கவேண்டிய கம்பி அது. உள்ளே வெற்றிடமுள்ள சீமெந்துக்கல் என்றால், கம்பி வரும் இடத்தைக் கொங்கிரீட்டால் நிரப்பித்தான் பொருத்தவேண்டும்.

வீட்டுக்குள்ளே அளவுகள் எளியவை. படி ஆறு அங்குலத்துக்கு மேல் உயரவேண்டாம். எல்லாப் படியும் ஒரே உயரம் இருப்பது அதைவிட முக்கியம், ஏனெனில் கால் முதல் படியில் கற்றதை நம்பியே அடுத்ததை வைக்கிறது. சாய்தளம் போடுவதென்றால் ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். குறுகிய இடத்தில் செங்குத்தாகப் போடும் சாய்தளம் படியைவிட ஆபத்தானது. கதிரை பதினெட்டு அங்குல உயரத்தில், கைபிடியுடன் இருந்தால் ஆளின் உதவியின்றி எழலாம். பஞ்சுமெத்தை சோபா உட்காரச் சுகம், எழ நரகம். அடிக்கடி எடுக்கும் சட்டியும் சீனிப்போத்தலும் இடுப்புக்கும் தோளுக்கும் நடுவே இருக்கட்டும். ஆனால் குசினியிலிருந்து அவரை வெளியே அனுப்பவேண்டாம். தரையில் குந்தித் துருவ ஏலாதவர் மேசையில் பூட்டும் துருவலையில் தேங்காய் துருவலாம். வெங்காயம் உரிப்பதும் அரிசி புடைப்பதும் கைவிரலுக்குப் பயிற்சி. இரண்டடி உயரக் கல்கட்டுக்குள் மண் நிரப்பினால் குனியாமல் கீரைப்பாத்தி போடலாம். விறாந்தையை அடைத்து அறையாக்குவதும் கிடுகு வேலியை ஆளுயர மதிலாக்குவதும் பார்வைக்குப் பெருமை. ஆனால் வீதியில் போகிறவருக்கு ஸலாம் சொல்லி, மீன்காரரோடு விலை பேசி, பக்கத்து வளவோடு கதைத்துக்கொண்டிருந்த முதியவரை அந்த மதில் நான்கு சுவருக்குள் அடைத்துவிடுகிறது. வெளியே பார்க்க எதுவும் இல்லாதவருக்கு எழுந்து நடக்கவும் காரணம் இல்லை.

இதற்கு எழும் முதல் மறுப்பு வலுவானது: வேலை செய்யவிட்டால்தானே விழுவார்கள்? விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் யார் பொறுப்பு? பயம் நியாயமானது, பல நாட்டு ஆய்வுகளில் இடுப்பெலும்பு முறிந்த முதியவர்களில் ஐவரில் ஒருவராவது ஒரு வருடத்துக்குள் இறந்திருக்கிறார். ஆனால் சான்று மறுபக்கம் பேசுகிறது. உடற்பயிற்சிக்கும் விழுவதற்குமான தொடர்பைப் பற்றிய 108 சோதனைகளை, 23,000க்கு மேற்பட்ட முதியவர்களை உள்ளடக்கியவற்றை, கொக்ரேன் அமைப்பு 2019இல் தொகுத்துப் பார்த்தது. பயிற்சி செய்தவர்கள் விழுந்த வீதம் 23 சதவீதம் குறைவு. சமநிலையையும் அன்றாட அசைவுகளையும் பழக்கும் பயிற்சிகளே இதில் முன்னின்றன. நின்று, எழுந்து, திரும்பி, எட்டி எடுக்கும் வீட்டுவேலை சோதனைக்கூடப் பயிற்சிக்கு முழு ஈடாகாது என்றாலும், அது வேலைவாங்கும் தசைகள் அவையே. விழுவார் என்று உட்காரவைக்கப்பட்டவர் பலவீனமடைந்து, பிறகு கட்டிலிலிருந்து இறங்கும்போதே விழுகிறார்.

இரண்டாவது மறுப்பு எதிர்த்திசையிலிருந்து வருகிறது: எல்லா வீட்டையும் மாற்றத்தான் வேண்டுமா? 2023இல் வந்த இன்னொரு கொக்ரேன் தொகுப்பு இதற்கு நேர்மையான பதில் தருகிறது. வீட்டின் ஆபத்துகளை ஒருவர் வந்து பார்த்துத் திருத்தியபோது, ஏற்கெனவே விழுந்தவர்கள், அன்றாட வேலைகளுக்கு உதவி தேவைப்பட்டவர்கள் போன்றோரிடையே விழுவது 38 சதவீதம் குறைந்தது; அப்படி ஆபத்து அதிகம் இல்லாதவர்களிடம் தெளிவான பயன் தெரியவில்லை. நியூசிலாந்து முடிவோடு இது முழுதாக ஒத்துப்போகவில்லை என்பதை மறைக்கவேண்டியதில்லை. கைச்செலவு குறைந்த குடும்பத்துக்கு இதிலிருந்து ஒரு வரிசை கிடைக்கிறது. கடந்த ஒரு வருடத்தில் ஒரு தடவையாவது விழுந்தவர் இருக்கும் வீட்டில் இன்றே தொடங்குங்கள். மற்ற வீடுகள் அடுத்த தடவை மேசன் வரும்போது செய்தால் போதும்.

மூன்றாவது மறுப்பு ஊர்வாய். வயதான தாய் முற்றம் கூட்டுவதைப் பார்த்தால், பிள்ளைகள் வேலைவாங்குகிறார்கள் என்று நாலுபேர் கதைப்பார்கள். வெளிநாட்டிலிருக்கும் மகனுக்கு இது பெரிய மானப்பிரச்சினை. இங்கே ஒரு கோடு கிழிக்கவேண்டும். கட்டாயத்தில் செய்யவைக்கும் வேலை வேறு. அவர் செய்ய விரும்பும் வேலைக்கு வழிவிடுவது வேறு. எதைச் செய்வது, எப்போது நிறுத்துவது என்பதை அவரே தீர்மானிக்கும்வரை அதில் அவமரியாதை இல்லை. தன் வீட்டில் ஒரு தேத்தண்ணி ஊற்றவும் மருமகளிடம் கேட்கவேண்டிய நிலைதான் மானக்குறைவு. நினைவு தடுமாறுகிறவர்களுக்கும் பக்கவாதம் கண்டவர்களுக்கும் இந்த அளவுகள் பொருந்தா. அவர்களுக்கு அடுப்பும் கிணறும் பூட்டப்படவேண்டியிருக்கலாம். அவர்களுக்கும் மடிக்க உடுப்பு, உரிக்க வெங்காயம் என்று ஏதாவது எஞ்சியிருக்கும்.

யார் வந்து பார்ப்பது என்ற கேள்விக்கு அமெரிக்காவின் போல்ற்றிமோர் நகரில் ஒரு பதில் இருக்கிறது. ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் சாரா சான்ரன் தொடங்கிய திட்டத்தில், வருமானம் குறைந்த முதியவர் வீட்டுக்கு ஒரு தாதி, தொழில்வழிச் சிகிச்சையாளர் ஒருவர், ஒரு கைவேலைக்காரர் என மூவர் போகிறார்கள். முதல் கேள்வி 'உங்களுக்கு என்ன நோய்?' என்பதில்லை, 'உங்களுக்கு என்ன செய்ய ஆசை?' என்பது. குளிக்க, மாடியேற, சமைக்க என்று அவர் சொல்வதற்கு ஏற்றபடி வீட்டைத் திருத்துகிறார்கள். 300 பேரிடம் நடந்த சோதனையில், ஐந்து மாதத்தில் அன்றாட வேலைகளில் உள்ள இயலாமை, இந்தத் திருத்தம் கிடைக்காத ஒப்பீட்டுக் குழுவைவிட 30 சதவீதம் குறைந்ததாக 2019இல் எழுதினார்கள். நம் ஊரில் இந்த மூவரும் ஏதோ ஒரு வடிவில் இருக்கிறார்கள்: சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்தின் களப்பணியாளர், பிரதேச செயலகத்தில் முதியோர் விடயங்களைக் கவனிக்கும் உத்தியோகத்தர், ஊர் மேசன். மூவரும் ஒரே வாசலில் சேர்ந்து நிற்பதுதான் வழக்கத்தில் இல்லை.

சட்டமும் வீட்டு வாசலில் நின்றுவிடுகிறது. இலங்கையின் 2000ஆம் ஆண்டு 9ஆம் இலக்க முதியோர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம், பிள்ளைகள் பெற்றோரை வேண்டுமென்றே கைவிடக்கூடாது என்கிறது. பராமரிப்புக் கோர ஒரு சபையையும் தந்தது. 2006இல் வந்த அணுகுவசதி விதிகள் பொதுக் கட்டடங்களுக்குச் சாய்தளமும் கைபிடியும் கேட்டன. முதியவர் நாளின் பெரும்பகுதியைக் கழிக்கும் இடமான வீட்டைப் பற்றி இரண்டுக்கும் சொல்ல அதிகமில்லை. அந்த வெற்றிடத்தை நிரப்பவேண்டியவர்கள் வீட்டுக்காரர்களே. அடுத்த தடவை சுவர் பூசவோ தரை போடவோ மேசன் பாஸ் வந்தால், அவரை முதலில் வீட்டு முதியவரோடு ஒரு சுற்றுச் சுற்றவிடுங்கள். எங்கே கால் கூசுகிறது, எங்கே கை பிடிமானம் தேடுகிறது என்று அவர் காட்டட்டும். கம்பியும் திட்டும் அங்கே வரட்டும். பிறகு உம்மாவின் கையிலிருந்து வாளியை வாங்காதீர்கள். சின்ன வாளி ஒன்று வாங்கிக்கொடுங்கள்.